குடும்ப சிட்காம் எபிசோடு எழுதுவது எப்படி: ஒரு சின்னச் சண்டையிலிருந்து தொடங்கலாம்

குடும்ப சிட்காம், அதாவது ஒரு வீட்டையும் அதே ஆட்களையும் சுற்றி நடக்கிற டிவி நகைச்சுவைத் தொடர், எழுத ஆசைப்படுகிற பலரும் முதல் வேலையாக ஒரு நோட்டு வாங்கி அதில் ஜோக்குகளை எழுதிக் குவிப்பார்கள். அந்த நோட்டைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை, இப்போதைக்கு மூடி வையுங்கள், கடைசியில் எடுத்துக்கொள்ளலாம். முதலில் வேண்டியது ஒரு சண்டை. சொத்துத் தகராறு, விவாகரத்து மாதிரி பெரியதெல்லாம் வேண்டாம். வெளியாள் பார்த்தால் "இதுக்கா சண்டை?" என்று கேட்கிற அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும், ஆனால் சண்டை போடுகிற இரண்டு பேருக்கும் அன்றைக்கு அதைவிட முக்கியமான விஷயம் வேறு எதுவும் இருக்கக் கூடாது.

இதற்கு நான் எப்போதும் காட்டுகிற உதாரணம் 'எவ்ரிபடி லவ்ஸ் ரேமண்ட்' என்ற அமெரிக்கத் தொடரில் 2003-இல் வந்த ஒரு எபிசோடு. கணவனும் மனைவியும் ஒரு பயணம் போய்விட்டு வீடு திரும்புகிறார்கள். பெட்டி மாடிப்படியிலேயே நின்றுவிடுகிறது. அவள் தூக்கிக்கொண்டு போவாள் என்று அவன் இருக்கிறான், அவன் தூக்கட்டும் என்று அவள் இருக்கிறாள், நாள் போய்க்கொண்டே இருக்கிறது, பெட்டி அங்கேயே இருக்கிறது. கதை அவ்வளவுதான். அவளை அசைய வைக்க அவன் பெட்டிக்குள் நாற்றமடிக்கிற சீஸை வைத்துவிடுகிற அளவுக்குப் போகிறது. அந்த எபிசோடை எழுதிய டக்கர் காலிக்கு அந்த ஆண்டு நகைச்சுவைத் தொடர் எழுத்துக்கான எம்மி, அதாவது அமெரிக்க டிவியின் பெரிய விருது, கிடைத்தது. ஒரு பெட்டி, ஒரு மாடிப்படி, தூக்க மாட்டேன் என்கிற இரண்டு பேர். பெரிய கதை கிடைக்கவில்லையே என்று உட்கார்ந்திருப்பவர்கள் இதை இரண்டு முறை பார்க்க வேண்டும். முதல் முறை சிரிப்பதற்கு, இரண்டாம் முறை அந்தப் பெட்டி ஒவ்வொரு காட்சியிலும் எங்கே இருக்கிறது என்று கவனிப்பதற்கு.

சரி, சண்டையை எங்கே பிடிப்பது? உங்கள் வீட்டில்தான். கார்ல் ரைனர் நியூயார்க்கில் சிட் சீசர் என்ற நகைச்சுவை நடிகரின் டிவி நிகழ்ச்சிகளில் நடித்துக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருந்தவர், குடும்பம் நியூ ரோஷெல் என்ற புறநகரில். சொந்தமாகத் தொடர் எழுத உட்கார்ந்தபோது அவர் தன்னையே கேட்டுக்கொண்ட கேள்வி, வேறு யாரும் நிற்காத, நான் மட்டும் நிற்கிற இடம் எது என்பது. பதில் எதிரிலேயே இருந்தது. டிவி நிகழ்ச்சிக்கு எழுதுகிற ஒருவன், நியூ ரோஷெலில் வீடு, மனைவி, ஒரு பையன். அதை வைத்து 13 எபிசோடுகள் எழுதினார். அவரே நடித்து எடுத்த முதல் முயற்சி எடுபடவில்லை, ஆனால் எழுத்து நன்றாக இருந்ததால் நடிகர்களை மாற்றி எடுத்தார்கள். அதுதான் 1961-இலிருந்து 1966 வரை ஓடிய 'தி டிக் வான் டைக் ஷோ'. 'லீவ் இட் டு பீவர்' எழுதிய ஜோ கானலியும் பாப் மோஷரும் இதையேதான் செய்தார்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பேசுவதும் செய்வதும் கதைகளாக மாறின.

அதனால் ஒரு வாரத்துக்கு இதைச் செய்யுங்கள். தினமும் ராத்திரி படுக்கப் போகும் முன், அன்றைக்கு வீட்டில் யார் யாரிடம் எதற்காக முகம் சுளித்தார்கள் என்று ஒரே வரியில் எழுதிவையுங்கள். சிரிப்பாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம், நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். குளியலறை விளக்கை யார் அணைக்காமல் போனது, சோப்பு தீர்ந்துபோனதை யார் யாரிடம் சொல்லவில்லை, டிவி சத்தத்தை யார் கூட்டியது. ஏழு நாளில் ஏழு வரி சேரும். அதிலிருந்து ஒன்றை எடுக்கும்போது நான் பார்க்கிற முக்கியமான விஷயம், இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறதா என்பது. ஒருவர் பக்கம் மட்டும் நியாயம் இருந்தால் அது சண்டை இல்லை, புகார். புகாரை வைத்து ஐந்து நிமிடம்கூட ஓட்ட முடியாது, ஏனென்றால் பார்க்கிறவர் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டு அடுத்த சேனலுக்குப் போய்விடுவார். இன்னொன்று, ஒரே ஒரு வாக்கியம் பேசினால் தீர்ந்துவிடுகிற குழப்பமாக அது இருக்கக் கூடாது. "நான் பார்த்தது உங்க தங்கச்சியா?" என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும் கதையை 22 நிமிடம் இழுத்தால், பார்க்கிறவருக்குக் கோபம்தான் வரும். பேசப் பேசத் தீராத சண்டையாக, பேசினால் இன்னும் மோசமாகிற சண்டையாக எடுங்கள்.

இந்தக் கட்டுரை முழுக்க நாம் ஒரு கதையை வைத்துக்கொண்டு போகலாம், வெறும் விதிகளாகச் சொன்னால் கையில் நிற்காது. கூடத்தில் ஒரு சுவர்க்கடிகாரம் இருக்கிறது. வீட்டில் எல்லோரும் எல்லா இடத்துக்கும் தாமதமாகப் போகிறார்கள் என்பதால் அப்பா ஒருநாள் ராத்திரி யாருக்கும் தெரியாமல் அதைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைக்கிறார். அது தெரியாத அம்மா, அதே காரணத்துக்காக, அவர் பங்குக்கு இன்னொரு பத்து நிமிடம் தள்ளி வைக்கிறார். இரண்டு பேருமே குடும்பத்தின் நல்லதுக்குத்தான் செய்கிறார்கள். இரண்டு பேருமே பொய் சொல்கிறார்கள்.

நான்கு பேர் போதும்

முதல் எபிசோடிலேயே சித்தப்பா, பக்கத்து வீடு, ஆபீஸ் மேனேஜர் என்று எட்டுப் பேரைக் கொண்டுவந்து இறக்காதீர்கள். 'ஐ லவ் லூசி' 1951-இலிருந்து 1957 வரை 180 எபிசோடுகள் ஓடியது, அதன் பெரும்பகுதியைத் தாங்கியது நான்கு பேர்தான். லூசிக்கு மேடை ஏற வேண்டும். இசைக்குழு நடத்துகிற அவள் கணவன் ரிக்கிக்கு அவள் வீட்டோடு இருக்க வேண்டும். அவர்கள் குடியிருக்கிற வீட்டின் உரிமையாளர் ஃபிரெட் காசை எடுக்கவே யோசிப்பவர். அவர் மனைவி எத்தெல், வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே லூசி போடுகிற ஒவ்வொரு திட்டத்திலும் கூடவே போகிறவள். இந்த நான்கு வரியையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், யாரை யாரோடு ஒரு அறையில் விட்டாலும் ஏதாவது நடக்கும் என்பது தெரியும். உங்கள் ஆட்களுக்கும் அப்படி ஆளுக்கு ஒரு வரி எழுதுங்கள். குணத்தை எழுத வேண்டாம், 'கோபக்காரர்', 'பாசமானவர்' என்பதை வைத்துக்கொண்டு காட்சி எழுத முடியாது. அவருக்கு என்ன வேண்டும் என்று எழுதுங்கள்.

நம் கதையில் அப்பாவுக்கு, இனி எதற்கும் தாமதமாகப் போகக் கூடாது. அம்மாவுக்கு, காலையில் கத்தாமல் எல்லோரையும் வெளியே அனுப்ப வேண்டும். மகளுக்கு, எதுவாக இருந்தாலும் சரியாக இருக்க வேண்டும், ஒரு நிமிடம் பிசகினாலும் அவளால் தாங்க முடியாது. பாட்டிக்கு, அவருடைய சின்ன ரேடியோவுக்கு ஒரு பேட்டரி வேண்டும், நான்கு நாளாகக் கேட்கிறார், யார் காதிலும் விழவில்லை. பாட்டியின் பேட்டரி இப்போது கதைக்குச் சம்பந்தமே இல்லாததுபோல் இருக்கும். இருக்கட்டும்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டில் ஒருவரை முட்டாளாக்கி, மற்றவர்கள் அவரைக் குத்திப் பேசிச் சிரிக்க வைப்பது மிகச் சுலபம், முக்கால்வாசித் தொடர்கள் அப்பாவை வைத்து அதைத்தான் செய்கின்றன. அது இரண்டு எபிசோடு தாங்கும், மூன்றாவதில் அந்த ஆளையும் பிடிக்காது, குத்திப் பேசுகிறவர்களையும் பிடிக்காது. 1971-இல் தொடங்கிய 'ஆல் இன் த ஃபேமிலி'யின் ஆர்ச்சி பங்கர் முன்கோபி, குறுகிய மனது, வாயைத் திறந்தால் யாரையாவது புண்படுத்துகிற ஆள். ஆனாலும் மக்கள் வாரா வாரம் அவரைத் தங்கள் கூடத்துக்குள் விட்டார்கள். தொடரை உருவாக்கிய நார்மன் லியர் அந்த ஆளில் தன் சொந்த அப்பாவின் சாயல் உண்டு என்று சொல்லியிருக்கிறார், எனக்கு அந்தப் பாசம்தான் வித்தியாசம் என்று தோன்றுகிறது. ஆர்ச்சி சொல்வது தப்பு என்று எழுதினவருக்குத் தெரியும், அவர் எதற்குப் பயப்படுகிறார் என்பதும் தெரியும். உங்கள் ஆட்களில் யாரைப் பற்றியாவது அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று சொல்ல முடியவில்லை என்றால், அந்த ஆள் இன்னும் தயாராகவில்லை.

வீட்டைக் கட்டுங்கள்

சின்ன வேலைதான், ஆனால் பலர் விட்டுவிடுகிறார்கள். கூடத்தின் ஒரு வரைபடத்தைத் தாளில் போட்டுக்கொள்ளுங்கள். வாசல் எங்கே, சமையலறைக் கதவு எங்கே, யார் எங்கே உட்காருவார், அங்கிருந்து என்ன தெரியும், என்ன தெரியாது. 'தி ஹனிமூனர்ஸ்' தொடரின் பஸ் டிரைவர் வீட்டில் ஒரு மேஜை, சில நாற்காலிகள், தொட்டி, ஐஸ் பெட்டி, அலமாரி, ஒரு ஜன்னல், கிட்டத்தட்ட அவ்வளவுதான். 1955-56-இல் வந்த அந்த 39 எபிசோடுகளில் பெரும்பாலான கதை அந்த மொட்டை அறையைச் சுற்றித்தான். அந்த வெறுமையே அவர்கள் காசில்லாமல் இருப்பதைச் சொல்லிவிடுகிறது, வசனம் தேவையில்லை. ஆர்ச்சி பங்கரின் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்தால் எழுப்பிவிடுவார், அந்த ஒரு நாற்காலி அந்த வீட்டில் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று காட்டியது. இப்போது அது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

உங்கள் எபிசோடுக்கும் ஒரு பொருள் வேண்டும், எல்லோரும் தொடுகிற, எல்லோரும் உரிமை கொண்டாடுகிற பொருள். நமக்குக் கடிகாரம். அது உயரத்தில் மாட்டியிருக்கிறது, எட்ட ஒரு நாற்காலி வேண்டும், அந்த நாற்காலி தரையில் இழுபடும்போது கிரீச் என்று சத்தம் போடும். இந்தச் சத்தத்தை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள், பின்னால் ராத்திரியில் அது ஒரு பாத்திரமாகவே மாறும்.

வீட்டை ஏன் மேடைபோல நினைக்கச் சொல்கிறேன் என்றால், இந்த வகைத் தொடரே மேடையிலிருந்து வந்ததுதான். 'ஐ லவ் லூசி' தொடங்கியபோது பெரும்பாலான நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து நேரலையாகப் போய்க்கொண்டிருந்தன, லூசியாகவும் ரிக்கியாகவும் நடித்த தம்பதி லூசில் பாலும் தேசி ஆர்னஸும் கலிஃபோர்னியாவை விட்டுப் போக விரும்பவில்லை. அதனால் பார்வையாளர்களை எதிரில் உட்காரவைத்து, மூன்று 35 மில்லிமீட்டர் ஃபிலிம் கேமராக்களால் ஒரே நேரத்தில் நாடகம்போல எடுத்தார்கள். ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராய்ண்ட், மூன்று கேமராவுக்கும் ஒரே சமயத்தில் பொருந்துகிற மாதிரி மேலிருந்து சீரான ஒளி அமைத்தார். எழுதுகிறவருக்கு இதில் இருக்கிற பாடம், காட்சி ஒரே இடத்தில் முதலிலிருந்து கடைசிவரை தொடர்ந்து ஓட வேண்டும் என்பது. வெட்டி வெட்டி வேறு இடத்துக்குத் தாவி ஒரு காட்சியைக் காப்பாற்ற முடியாது, உள்ளே வந்தவர் ஒரு காரணத்தோடு வர வேண்டும், ஒரு காரணத்தோடு போக வேண்டும்.

கதையை ஏற்றுவது

அரைமணி நேர இடத்தில் விளம்பரம் போக இன்றைக்கு 22 நிமிடம் அளவில்தான் கையில் நிற்கிறது. அதற்குள் சண்டை தொடங்க வேண்டும், மோசமாக வேண்டும், கைமீற வேண்டும், தீர வேண்டும். இதை எப்படிச் செய்வது என்று படிக்க 1952 செப்டம்பரில் வந்த லூசியின் சாக்லேட் தொழிற்சாலை எபிசோடைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது, அதை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்.

தொடக்கம் ஒரு காசோலை. கணக்கில் பணம் இல்லாமல் லூசி எழுதிய காசோலையின் பின்பக்கம், இதை அடுத்த மாதம் வரை உள்ளே போடாதீர்கள் என்று வங்கி ஊழியருக்கு அன்பாக ஒரு குறிப்பு. ரிக்கிக்குக் கோபம். சம்பாதிப்பது கஷ்டமா, வீட்டைப் பார்ப்பது கஷ்டமா என்று பேச்சு வளர்ந்து, ஆண்கள் வீட்டைப் பார்க்க, பெண்கள் வேலைக்குப் போக முடிவாகிறது. கவனியுங்கள், இங்கே இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அதனால் இரண்டு பக்கமும் தோற்க வேண்டும். வீட்டில் ரிக்கி அளவு தெரியாமல் அரிசியைப் போட்டு, அது பொங்கிச் சமையலறை முழுக்க வழிகிறது. தொழிற்சாலையில் லூசியும் எத்தெலும் ஒவ்வொரு பிரிவிலிருந்தும் தூக்கப்பட்டு, கடைசியாகக் கன்வேயர் பெல்ட் முன்னால் வந்து நிற்கிறார்கள்.

அந்தக் காட்சியின் முதல் வேலை விதியைச் சொல்வது. ஒரு சாக்லேட்கூடத் தாள் சுற்றாமல் உங்களைத் தாண்டிப் போகக் கூடாது, போனால் வேலை போச்சு என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டுப் போகிறார். பெல்ட் மெதுவாகத் தொடங்குகிறது, சுலபமாகத்தான் இருக்கிறது. பிறகு வேகம் கூடுகிறது. சுற்ற முடியாததை ஒதுக்குகிறார்கள், வாயில் போடுகிறார்கள், தொப்பிக்குள்ளும் சட்டைக்குள்ளும் திணிக்கிறார்கள். மேற்பார்வையாளர் திரும்பி வருகிறார், பெல்ட் சுத்தமாக இருக்கிறது, பாராட்டுகிறார். திட்டு வாங்குவார்கள் என்று நாம் காத்திருக்க, அவர் பெல்ட்டை இன்னும் வேகமாக ஓட்டச் சொல்லிக் கத்துகிறார். நன்றாகச் செய்ததாகக் காட்டிக்கொண்டதற்கு அதுதான் தண்டனை. விதி, சுலபமான தொடக்கம், மறைப்பு, மறைப்பு ஜெயித்ததால் வருகிற பெரிய ஆபத்து. இந்த நான்கு படியை வைத்துக்கொண்டு நீங்கள் ஆயிரம் காட்சி எழுதலாம். அந்தக் காட்சியில் பெரிய ஜோக் வசனம் ஒன்றுகூட இல்லை.

கடைசியில் பெண்கள் சோர்ந்துபோய் வீடு திரும்பினால், சமாதானம் சொல்லக் கணவர்கள் வாங்கி வைத்திருக்கிற பரிசு, ஆளுக்கு ஒரு பெரிய டப்பா சாக்லேட்.

இப்போது நம் கடிகாரத்துக்கு வருவோம். முதல் கட்டத்தில் அப்பா முள்ளைத் தள்ளுகிறார், அடுத்த காட்சியில் அம்மா தள்ளுகிறார், இரண்டும் நமக்கு மட்டும்தான் தெரியும். பார்க்கிறவருக்குத் தெரிந்து, பாத்திரத்துக்குத் தெரியாமல் இருந்தால், அவர்கள் சாதாரணமாகப் பேசுகிற பேச்சே சிரிப்பாகிவிடும். மறுநாள் எல்லோரும் சீக்கிரம் கிளம்புகிறார்கள், அப்பாவும் அம்மாவும் தங்கள் திட்டம் பலித்துவிட்டது என்று தனித்தனியாகப் பெருமைப்படுகிறார்கள். கதை முடிந்துவிட்டதுபோல் தோன்ற வேண்டும். அப்போது மகள் கடிகாரத்தைப் பார்க்கிறாள், கைபேசியைப் பார்க்கிறாள், இருபது நிமிடம் தவறு, அவளால் பொறுக்க முடியவில்லை, சத்தமில்லாமல் சரிசெய்துவிடுகிறாள். இதற்குள் அப்பா மனதுக்குள் பத்து நிமிடம் கழித்துக்கொள்ளப் பழகிவிட்டார், அம்மாவும் அப்படித்தான். கடிகாரம் சரியாக ஓடத் தொடங்கிய நாளில் இரண்டு பேரும் பத்து நிமிடம் தாமதம். கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்று இருவரும் முடிவு செய்து, அன்று ராத்திரி மறுபடி ஆளுக்குப் பத்து தள்ளுகிறார்கள். எழுதும்போது இந்தக் கணக்கைத் தனித்தாளில் போட்டுக்கொள்ளுங்கள், எந்தக் காட்சியில் கடிகாரம் எவ்வளவு காட்டுகிறது, யார் எவ்வளவு என்று நம்புகிறார் என்று. கணக்கு ஒரு இடத்தில் தப்பினால் பார்க்கிறவர் சிரிப்பதை நிறுத்திவிட்டுக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்.

நடுவில் ஒரு ஒத்திகைக் காட்சியும் வைக்கலாம். 1953 ஜனவரி 19-ஆம் தேதி, லூசில் பாலுக்கு உண்மையிலேயே மகன் பிறந்த அதே நாளில் ஒளிபரப்பான எபிசோடில், கணவனும் நண்பர்களும் லூசியை மருத்துவமனைக்கு எப்படி அழைத்துப் போவது என்று நிதானமாக ஒத்திகை பார்ப்பார்கள், எல்லாம் அழகாக நடக்கும். நிஜமாக நேரம் வந்ததும் பெட்டி சிதறும், ஆளாளுக்கு மோதிக்கொள்வார்கள், லூசியை மட்டும் விட்டுவிட்டு எல்லோரும் வெளியே ஓடுவார்கள். ஒழுங்காக நடப்பதை ஒருமுறை காட்டினால்தான் கலைவது சிரிப்பாகும்.

பேச்சு

வசனத்துக்கு ஒரே விதி வைத்துக்கொள்ளுங்கள்: யாரும் சிரிக்க வைப்பதற்காகப் பேசக் கூடாது. எல்லோரும் எதையோ மறைக்கவோ, எதையோ வாங்கவோ பேச வேண்டும். நள்ளிரவுக் காட்சியைக் கொஞ்சம் பார்க்கலாம். கூடம் இருட்டு. நாற்காலி கிரீச் என்று இழுபடுகிறது. அப்பா அதன்மேல் ஏறிக் கடிகாரத்தைக் கையில் எடுக்கிறார். விளக்கு எரிகிறது, வாசலில் அம்மா.

அம்மா: என்னங்க பண்றீங்க?
அப்பா: தூசி தட்டுறேன்.
அம்மா: இந்த நேரத்துலயா? மணி என்ன?
அப்பா: (கடிகாரத்தைப் பார்த்து) பன்னெண்டு இருபத்தஞ்சு.
அம்மா: பன்னெண்டே கால்தாங்க.
மகள்: (சோபாவுக்குப் பின்னாலிருந்து) பன்னெண்டு அஞ்சு.

இதில் ஜோக் என்று எதுவும் இல்லை, மூன்று பேரும் மணி சொல்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு வரியும் ஒரு வாக்குமூலம். அப்பா மறைப்பதற்காக முள்ளில் இருப்பதை அப்படியே படிக்கிறார். அம்மா வாய்தவறித் தான் கூட்டிய பத்தைக் கழித்துச் சொல்லி மாட்டிக்கொள்கிறார். மகள் சரியான நேரத்தைச் சொன்னதும் இரண்டு பேருடைய திட்டமும் வெளியே வந்துவிடுகிறது, அவள் ஏன் அந்த நேரத்தில் அங்கே ஒளிந்திருக்கிறாள் என்பதும்கூட. இப்படி எழுத, முதலில் ஒவ்வொருவரும் உண்மையில் என்ன சொல்ல வேண்டும் என்பதை முழுசாக எழுதுங்கள், பிறகு அதை அழித்துவிட்டு, அந்த உண்மையைச் சொல்லாமல் இருப்பதற்காக அவர் என்ன சொல்வார் என்று எழுதுங்கள்.

இன்னொரு வேலை நுணுக்கமானது. சிரிப்பு வரக்கூடிய வரிக்கு அடுத்த வரியில் கதைக்கு முக்கியமான தகவலை வைக்காதீர்கள், சிரிப்புச் சத்தத்தில் அது போய்விடும். ஒரு அசைவையோ பார்வையையோ நடுவில் விடுங்கள். மகள் "பன்னெண்டு அஞ்சு" என்றதும் அப்பா நாற்காலியிலிருந்து இறங்க முயன்று, கிரீச் என்று சத்தம் வந்து, மறுபடி அங்கேயே நின்றுவிடட்டும். சிரிப்பு அடங்கிய பிறகு பேசலாம்.

கொஞ்சம் உண்மை

கடைசிக்கு முன்னால் ஒரு நிமிடம், சண்டை உண்மையில் எதைப் பற்றியது என்று வெளியே வர வேண்டும். அந்த மாடிப்படிப் பெட்டி எபிசோடில் மாமியார் மரீ, சுவரில் மாட்டியிருக்கிற பெரிய முட்கரண்டி, கரண்டி பற்றித் தனக்கும் கணவருக்கும் எப்போதோ வந்த சண்டையைச் சொல்கிறார். அத்தனை வருடமாக நாம் அந்த வீட்டுச் சுவரில் அலங்காரமாகப் பார்த்த பொருள் அது. சின்னச் சண்டையை விட்டுவிடாவிட்டால் அது ஒரு வாழ்க்கை நீளத்துக்கு வந்து தொங்கும் என்பது ஒரு கதையாகவே வந்துவிடுகிறது, புத்திமதியாக வரவில்லை. நீங்களும் புத்திமதி எழுதாதீர்கள். பின்னணியில் உருக்கமான இசை வரும் என்று நம்பி எழுதாதீர்கள்.

நம் கதையில் அப்பா எதற்குப் பயப்படுகிறார் என்று முன்பே கேட்டோம். போன வருடம் மகள் நடித்த பள்ளி நாடகத்துக்கு அவர் தாமதமாகப் போனார், யாரிடமும் சொல்லவில்லை.

மகள்: கடைசி வரிசையில நின்னீங்க. நான் பார்த்தேன்.
அப்பா: பாதி நாடகம் முடிஞ்சிருச்சும்மா.
மகள்: என் பாதி அதுக்கப்புறம்தான்ப்பா.

இத்தோடு நிறுத்துங்கள். கட்டிப்பிடிக்க வைக்க வேண்டாம், அம்மா கண்ணைத் துடைக்க வேண்டாம். உடனே அம்மா, "சரி, இறங்குங்க, நாற்காலி ஆடுது" என்று சொல்லட்டும்.

வாசித்துப் பார்ப்பது

எழுதி முடித்ததும் இரண்டு நாள் தொடாமல் வைத்துவிட்டு, நான்கு பேரைக் கூப்பிட்டு ஒரு மேஜையைச் சுற்றி உட்காரவைத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். தொழிலாகச் செய்கிறவர்களும் ஒவ்வொரு வாரமும் இதைத்தான் செய்கிறார்கள், மேஜை வாசிப்பு முடிந்த பிறகுதான் உண்மையான திருத்தம் தொடங்கும். நீங்கள் படிக்கக் கூடாது, நீங்கள் படித்தால் குரலாலேயே ஓட்டைகளை அடைத்துவிடுவீர்கள். கையில் பென்சில் வைத்துக்கொண்டு, சிரித்த இடத்தில் ஒரு கோடு, யாராவது முந்தைய பக்கத்தைத் திருப்பிப் பார்த்த இடத்தில் ஒரு வட்டம். வட்டங்கள்தான் முக்கியம், அங்கே கதை புரியவில்லை என்று அர்த்தம், ஜோக் சேர்த்து அதைச் சரிசெய்ய முடியாது. கடிகாரத்தை வைத்து நேரமும் பாருங்கள். 22 நிமிடத்துக்கு மேல் போனால் முதலில் வெட்ட வேண்டியது உங்களுக்கு மிகவும் பிடித்த, ஆனால் எடுத்துவிட்டாலும் கதை நகர்கிற பகுதி.

இப்போது அந்த ஜோக் நோட்டை எடுக்கலாம். அதிலிருந்து மூன்றோ நான்கோதான் இந்த ஆட்களின் வாயில் உட்காரும். அந்தந்த வருடத்து டிரெண்டு வார்த்தைகளை மட்டும் நீக்கிவிடுங்கள். கார்ல் ரைனர் தன் தொடரில் அன்றைய புழக்கத்துக் கொச்சைச் சொற்களை வேண்டுமென்றே தவிர்த்தார், அறுபது வருடம் கழித்தும் அந்த வீட்டுப் பேச்சு பழசாகாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசியாக டேக். எபிசோடு முடிந்து, பெயர்கள் ஓடுவதற்கு முன்னால் வருகிற அரை நிமிடத் துணுக்கு. புதிதாக எதையும் கொண்டுவராமல், முன்பே போட்டு வைத்த விதையை எடுங்கள். மறுநாள் காலை. மூன்று பேரும் கூடத்துக்கு வருகிறார்கள், இனி யாரும் கடிகாரத்தைத் தொடுவதில்லை என்று பேசி முடிவாகிவிட்டது. நிமிர்ந்து பார்க்கிறார்கள். முள் பன்னிரண்டு பத்தில் நிற்கிறது, அசையவில்லை. ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். பாட்டியின் அறையிலிருந்து ரேடியோ சத்தம், அறிவிப்பாளர் காலை மணி எட்டு என்கிறார்.